பதினொன்றாம் எண்ணின் ரத்தம்

ஞானப்பிரகாசம் சார் என் தோளில் கை வைத்தார்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் அவரிடம் படித்திருக்க மாட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர் எந்த மாணவனையும் தொட்டதில்லை. தவறைச் சுட்டிக்காட்டக்கூட ஒரு கண்ணாடிக் குச்சியைத்தான் நீட்டுவார். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் கிடையாது. வருகைப் பதிவேட்டில் உள்ள எண்தான். நான் பதினொண்ணு.

அந்தத் திங்கட்கிழமை காலை, ஆய்வகத்துக்கு வெளியே வராந்தாவில், அந்தக் கை என் இடது தோளில் வந்து உட்கார்ந்தது. கனமே இல்லாத கை. ஃபார்மலின் வாடை அடித்தது.

"சாப்பிட்டியாப்பா, வேலுச்சாமி?"

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். கம்மங்கூழ் என்றேன். அவர் முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கம்மங்கூழுக்காக ஒரு மனிதர் கண் கலங்கியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமை போட்ட ஸ்லைடை நீயே பார்த்தியா?" என்றார் மெதுவாக.

"பார்த்தேன் சார்."

அது பொய். ஆனால் ரெக்கார்டு நோட்டைப் பற்றி எந்த ஆசிரியர் எப்போது கேட்டாலும் அதுதான் பதில் என்பதால், அதைப் பொய் என்று நான் அன்று கணக்கில் வைக்கவில்லை.

"பார்த்துட்டுத்தான் அப்படி எழுதியிருக்கே," என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. தோளை ஒரு முறை அழுத்திவிட்டு உள்ளே போனார்.

நானும் போனேன். என் முக்காலி, காற்று வரும் ஜன்னலுக்குப் பக்கத்தில் மாற்றிப் போடப்பட்டிருந்தது.

பாதித் தாள் பேதாலஜி

விலங்கியல் பட்டப் படிப்பில் எங்களுக்கு மூன்றாம் ஆண்டில் ஒரு தாளின் பாதி பேதாலஜி. நோயியல் என்று இப்போது அழகாகச் சொல்கிறார்கள். மற்ற பாதி என்ன என்பது மறந்துவிட்டது. தவளையாக இருக்கலாம். அந்தக் காலத்தில் எதைத் திறந்தாலும் தவளைதான் இருந்தது.

சென்ற வாரம் இதே பத்தியில் வடமதுரை ரயிலைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகர், அந்த ரயில் அந்த நேரத்துக்கு ஓடவே இல்லை என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். ஓடியிருக்காது. அதனால்தான் நான் பெரும்பாலும் பஸ்ஸில் போனேன். எங்கள் தோட்டத்துக் கத்தரிக்காய் மூட்டை மேலே, நான் உள்ளே. திண்டுக்கல்லில் இறங்கியதும் மூட்டை மார்க்கெட்டுக்குப் போகும், நான் கல்லூரிக்குப் போவேன். எங்கள் இருவரில் யாருக்கு நல்ல எதிர்காலம் என்பதில் என் அப்பாவுக்கு ஐயம் இருந்தது.

ஆய்வகம் நீளமான ஓட்டுக் கட்டடம். வாசல் பக்கத்து அலமாரியில் இரட்டைத் தலை ஆட்டுக்குட்டி ஒன்று பெரிய ஜாடியில் மிதந்தது. ஒரு தலை கண்ணை மூடியிருக்கும், இன்னொரு தலை திறந்திருக்கும். நாங்கள் திறந்த கண்ணைப் பார்க்காமல் உள்ளே போகப் பழகியிருந்தோம்.

இருபத்திரண்டு பேருக்கு நான்கு மைக்ரோஸ்கோப். மின்விளக்கு கிடையாது. கீழே உள்ள சிறு கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் பிடிக்க வேண்டும். பிற்பகலில் வெயில் மலைப் பாறையில் பட்டுத் திரும்பி வரும். அதைப் பிடித்துத்தான் நாங்கள் உயிரணுக்களைப் பார்த்தோம். மலை மேல் மேகம் போனால் நான்கு மைக்ரோஸ்கோப்பிலும் ஒரே சமயத்தில் இருட்டும். நான்கு பேரும் ஒன்றுபோல் தலையைத் தூக்குவார்கள்.

செய்முறை

ரத்தப் படலம் எடுக்கும் விதம் இது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்க ஆய்வகத்தில் இதையே செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன்.

இடது கை மோதிர விரல். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, ஊசியால் ஒரே குத்து. முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். இரண்டாம் துளியை ஸ்லைடின் ஓரத்தில் தொட்டு எடுத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்து வைத்து, தயங்காமல் ஒரே தள்ளு. நாக்கு வடிவத்தில் மெல்லிய படலம் விழும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம், இரண்டு நிமிடம். அதன் மேல் இரண்டு மடங்கு காய்ச்சி வடித்த நீர், ஏழு நிமிடம். பிறகு கழுவி, பின்பக்கத்தைத் துடைத்து, நிறுத்தி வைத்துக் காயவிட வேண்டும். யாருடைய ரத்தம் என்ற எண்ணை இதற்கெல்லாம் முன்பே கண்ணாடியில் கீறிவிட வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியம் முதல் வாக்கியமாக இருந்திருக்க வேண்டும். எங்கள் பாடப் புத்தகத்திலும் கடைசியில்தான் இருந்தது.

ஒவ்வொருவரும் தன் ரத்தத்தைத் தானே எடுக்க வேண்டும் என்பது சாரின் விதி. என்னால் முடியவில்லை. காரணம் சொல்லத் தெரியாது. கடப்பாரை காலில் விழுந்து நகம் பெயர்ந்தபோது அதை வேடிக்கை பார்த்தவன் நான். ஆனால் என் விரலை நோக்கி என் கையே ஊசியோடு வந்தால், விரல் தானாகப் பின்னால் போய்விடும். ஒரு நாள் ஊசியும் விரலும் அரைமணி நேரம் ஒன்றையொன்று துரத்தியதைப் பக்கத்து முக்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான் பன்னிரண்டாம் எண்.

சாகுல். பேகம்பூர்ப் பையன். அவன் அப்பாவுக்கு, அத்தா என்பான், தோல் மண்டி. சட்டையில் எப்போதும் லேசாக உப்புத் தோலின் வாடை இருக்கும். அதற்கு மேல் அத்தர் போட்டிருப்பான். இரண்டும் சேர்ந்த அந்த வாசனையை நான் அதன் பிறகு எங்கும் நுகர்ந்ததில்லை.

"ஏலே, செத்த நேரத்துல சாரு வந்துருவாரு. குத்துறியா, இல்ல கும்புட்டுக்கிட்டே இருக்கப் போறியா?"

"முடியலடா."

"வலிக்காதுலே. எறும்பு கடிச்ச மாதிரி. இந்தா பாரு." தன் இடது விரலைக் குத்தி அவனுடைய ஸ்லைடைப் போட்டான். பிறகு என் ஸ்லைடை இழுத்து வைத்துக்கொண்டு வலது விரலைக் குத்தினான். "இடது கை எனக்கு. வலது கை ஒனக்கு. சாயம் போடுறது ரெண்டுக்கும் நீயி. நான் போட்டா எல்லாம் நீலமாப் போயிருது."

அப்படி ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை ரத்தச் செய்முறை வரும். ரத்தம் அவன், சாயம் நான். ரத்த வகை பார்த்தபோதும் அதேதான். என் ரெக்கார்டு நோட்டின்படி நான் பி வகை. பல ஆண்டுகள் கழித்துத்தான் நான் ஓ வகை என்று தெரிந்தது.

படலத்தைப் பார்த்து நூறு வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ண வேண்டும். அதையும் நாங்கள் செய்ததில்லை. உருப்பெருக்கிப் பார்க்க ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு சீடார் மர எண்ணெய் விட வேண்டும். அந்தப் புட்டி அட்டெண்டர் கருப்பையா அண்ணனின் இடுப்பில் இருந்தது. அவர் அதைத் தன் சொந்த ரத்தம் போலத்தான் விடுவார். ஆகவே புத்தகத்தில் உள்ள எண்களை ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து எழுதுவோம். எங்கள் வகுப்பில் அனைவரும் பூரண ஆரோக்கியத்துடன் இருந்தோம்.

மிஞ்சிய ஒன்று

முந்தைய வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான்.

சாகுல் வழக்கம்போல இரண்டு விரலையும் குத்தினான். நான் இரண்டு ஸ்லைடுக்கும் சாயம் போட்டேன். கழுவினேன். துடைக்கும்போது ஒன்றில் பின்பக்கத்துக்குப் பதிலாக முன்பக்கத்தைத் துடைத்துவிட்டேன். படலம் முழுக்கப் பஞ்சோடு வந்துவிட்டது. எண் கீறாமல் சாயம் போட்டிருந்ததால், எது இடது கை, எது வலது கை என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. மிஞ்சிய ஸ்லைடு நன்றாக வந்திருந்தது. மாலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது வழக்கத்தைவிட நீலம் கூடுதலாகத் தெரிந்தது. சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

"எந்த நம்பர் போட?" என்றேன்.

"ஒன் நம்பரையே போடுலே. நான் அடுத்த தடவை குடுத்துக்குறேன்."

வைர முனையால் 11 என்று கீறினேன். அந்த ஒலி பல்லைக் கூச வைக்கும். நோட்டில் வழக்கம்போலப் புத்தகத்து எண்களையே எழுதினேன்.

சலுகைகள்

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நான் ஒரு மகாராஜாவைப் போல நடத்தப்பட்டேன். அதைப் போலக் குழப்பமூட்டும் அனுபவம் வேறு இல்லை.

கருப்பையா அண்ணன் எண்ணெய்ப் புட்டியை என் முன்னால் வைத்தார். "ஊத்திக்கப்பு. நெறையாவே ஊத்திக்க." பிறகு மடியில் இருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நெற்றியில் பூசிவிட்டார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாத்தான். ஒங்க அம்மா நல்லா இருக்காகளா?" என்றார். நான் ஒருவேளை முதல் வகுப்பில் தேறப்போகிறேனோ என்று நினைத்தேன்.

"மாப்ள, என்னடா சாரு ஒனக்கு இம்புட்டு மரியாத குடுக்குறாரு? மருமவனாக்கப் போறாரா?" என்றான் சாகுல்.

"அவருக்குப் பொண்ணே இல்லடா."

"அப்ப தத்து எடுக்கப் போறாரு. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போக வேட்டிய வெளுத்து வச்சுக்க."

மதியம் வேப்பமரத்தடியில் அவன் தூக்குச் சட்டியைத் திறந்தான். சோறும் கறிக்குழம்பும், வெஞ்சனத்துக்கு முட்டையும். இரண்டு கை அள்ளிச் சாப்பிட்டுவிட்டு மீதியை என் பக்கம் தள்ளினான். சில மாதங்களாகவே அப்படித்தான். அவன் வீட்டில் அதிகமாக வைத்து அனுப்புகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். தாராள மனசு என்றும் நினைத்திருந்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

புதன்கிழமை சார் என்னைக் குதிரை வண்டியில் ஏற்றி, தன் நண்பரான ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். இறங்கும்போது, "பயப்படாதே," என்றார். அதுவரை நான் பயப்படவில்லை.

டாக்டர் என்னைப் படுக்க வைத்து, இடது விலா எலும்புக்குக் கீழே விரல்களைப் புதைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னார். விடச் சொன்னார். மறுபடியும். அவர் எதையோ என் வயிற்றுக்குள் தேடுகிறார், அது அங்கே இல்லை என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். பாதித் தாள் பேதாலஜி படித்தவனுக்கு எதிரில் அது என்ன ரகசியமோ தெரியவில்லை. லுகேமியா என்ற சொல் மூன்று முறை வந்தது. ரத்தப் புற்று. ஸ்லைடு நிறைய வெள்ளணுக்கள், மண்ணீரல் பெருத்திருக்க வேண்டும், இவனுக்குத் தட்டுப்படவில்லை, ஆனால் இப்படி ஒரு ஸ்லைடுக்கு வேறு பொருள் கிடையாது.

எனக்கு வந்த முதல் உணர்ச்சியை ஒளிக்காமல் எழுதுகிறேன். நிம்மதி. அது என் ரத்தம் இல்லை.

அப்போது டாக்டர் தமிழுக்கு வந்தார். "தம்பி, ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நெறஞ்சிட்ட மாதிரி இருக்கா? இந்த இடது பக்கம் கனமா, சாப்பாட்டுக்கு எடமே இல்லாத மாதிரி?"

வேப்பமரத்தடியும் தூக்குச் சட்டியும் என் கண் முன்னால் வந்தன. என் பக்கம் தள்ளப்பட்ட சோறு. அதை நான் மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தேன்.

"இல்ல சார்," என்றேன்.

"இது உன் ரத்தம்தானேப்பா?" என்றார் ஞானப்பிரகாசம் சார். சம்பிரதாயமாகக் கேட்டது. விதியைப் போட்டவர் அவர்.

"ஆமா சார்."

செய்முறையில் மோசடி செய்தவனைப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு அனுப்ப மாட்டார்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. எனக்கு மட்டுமல்ல, ரத்தம் கொடுத்தவனுக்கும் சேர்த்து ஒரு வருடம் போகும். அவனுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று அன்று மாலை பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வடமதுரை வருவதற்குள் அதை ஏறத்தாழ நம்பியும் விட்டேன்.

டாக்டர் மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிச் சாரிடம் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை போக வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் சாகுல் சோற்றைத் தள்ளியபோது நான் தொடவில்லை.

"என்னலே, நோம்பா?"

"பசிக்கலடா. நீ சாப்பிடு."

"எனக்குப் போதும். உள்ள யாரோ கல்ல வச்ச மாதிரி இருக்கு." இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினான். சிரித்தான். அவன் மணிக்கட்டு மெலிந்திருந்தது. பெல்ட்டை மட்டும் கடைசி ஓட்டை வரை தளர்த்தியிருந்தான். சொல்வதற்காக வாயைத் திறந்தேன். "டாக்டர்கிட்ட காட்டேன்," என்று மட்டும் வந்தது.

"எதுக்கு? அம்மா ஓமத் தண்ணி குடுக்குறாக. சரியாப் போயிரும்."

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை ஆய்வகத்துக்கு நான் வர வேண்டாம், வீட்டில் ஓய்வெடுக்கலாம் என்று சார் சொல்லியிருந்தார். வீட்டில் இருக்க முடியவில்லை. மூன்று மணிக்கு வாசலில் போய் நின்றேன். ஆட்டுக்குட்டியின் திறந்த கண்ணை அன்று நேராகப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை.

உள்ளே சார் முதல் மைக்ரோஸ்கோப்பில் ஒரு ஸ்லைடு வைத்திருந்தார். எண் இருந்த ஓரத்தில் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். ஒவ்வொருவராக வந்து பார்த்துப் படம் வரைய வேண்டும். நல்ல ஆசிரியர். இப்படி ஒரு ஸ்லைடு அந்த ஊரில் இன்னொரு முறை கிடைக்காது. மாணவன் போய்விடுவான், பாடம் நிலைத்து நிற்க வேண்டும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் செய்திருப்பேன்.

முக்காலியில் சாகுல் உட்கார்ந்திருந்தான்.

ஒரு கண்ணைக் குழாயில் வைத்து, மறு கண்ணைத் திறந்து, சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலுமாக வரைந்துகொண்டிருந்தான். அவனுக்குச் சாயம் போட வராது. படம் வரைய வரும். மலை வெளிச்சம் அவன் கன்னத்தில் அசைந்தது.

"ஆத்தீ, எம்புட்டுக் கூட்டம்," என்றான், யாரிடமும் இல்லாமல். "நம்ம சந்தனக்கூடு மாதிரி. நிக்க எடமில்ல. யாரு பெத்த புள்ளையோ, பாவம்."

வாசலில் நான் நிற்பதைச் சார் பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்னால் விவரிக்க முடியாது. ஒரே எட்டில் வந்து மைக்ரோஸ்கோப்பின் மேல் உறைத் துணியைப் போட்டார்.

"சார், இன்னும் கலரு முடியல சார்."

"போதும்ப்பா. எழுந்திரு."

"சார்," என்றேன் நான். "அது என் ரத்தம் இல்ல."

என் குரல் அந்த நீளமான அறையின் கடைசி வரை போய்த் திரும்பியது. யாருடையது என்று நான் சொல்லவில்லை. சொல்லத்தான் வந்தேன். சொல்ல வரவில்லை. அதே நேரம் மலை மேல் மேகம் போயிற்று. மற்ற மூன்று மைக்ரோஸ்கோப்பில் இருந்தவர்களும் ஒன்றாகத் தலையைத் தூக்கினார்கள்.

சாகுல் மட்டும் தூக்கவில்லை. தான் வரைந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துணியின் ஓரத்தைத் தூக்கி, ஸ்லைடில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்தான்.

"போன வெள்ளிக்கெழம எடுத்ததா?" என்று என்னைக் கேட்டான்.

தலையாட்டினேன்.

"துடைக்காம மிஞ்சுச்சே, அதுவா?"

"ஆமாடா."

அவன் தன் வலது மோதிர விரலைப் பார்த்தான். பிறகு இடதை. மேகம் விலகி வெளிச்சம் வந்தது. அவன் துணியை முழுக்க எடுத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, மறுபடி குனிந்தான்.

"மிச்சத்தையும் முடிச்சிர்றேன் சார்," என்றான்.

அவன் முடிக்கும்வரை யாரும் நகரவில்லை. நீலப் பென்சில் காகிதத்தில் உரசுவது மட்டும் கேட்டது.

சிவப்பு மை

சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு என் ரெக்கார்டு நோட்டைத் திறந்தார்.

"இது யார் ரத்தம்?"

"சாகுலோடது சார்."

"இது?"

"அதுவும் சார்."

"ரத்த வகையுமா?"

"ஆமா சார்."

ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் புரட்டி, ஒவ்வொன்றின் குறுக்கேயும் சிவப்பு மையில் கோடு போட்டார். 'செய்முறை செய்யப்படவில்லை' என்று எழுதினார். ஆனால் தேர்வுக்கு அனுப்பினார். ஏன் என்று நான் கேட்டதில்லை. மறுபடியும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டரின் கடிதத்தை எடுத்து, என் பெயரை அடித்துவிட்டு, சாகுல் பெயரை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். திருத்தம் செய்தால் சுருக்கொப்பம் இட வேண்டும். அதுதான் முறை.

மதுரையில் மண்ணீரலுக்குக் கதிர் காட்டினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. நான் இரண்டு நாள் வாய் திறக்காததால் எதுவும் மாறியிருக்காது என்று பின்னாளில் பல டாக்டர்களிடம், யாரோ ஒருவர் விஷயம் போலக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். இருந்தும் இன்னொருவரைக் கண்டால் கேட்பேன்.

சாகுலின் அத்தா ஒரு நாள் கல்லூரிக்கு வந்தார். நெடிய மனிதர். கை முழுக்க உப்பு அரித்த வெடிப்புகள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க பாத்துச் சொன்னதாலதான் தம்பி தெரிஞ்சுது. எம் மவன் சொன்னான். அல்லா ஒங்களுக்கு நெறஞ்ச ஆயுசக் குடுக்கட்டும்."

பின்னால் நின்ற சாகுல் என்னைப் பார்த்து, சொல்லாதே என்பது போலத் தலையை ஆட்டினான். நான் திருத்தவில்லை. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. இன்று என் வயது அதற்குச் சாட்சி.

தேர்வு முடிந்த அன்று சாகுல் என்னை வீட்டுக்கு அழைத்துப் போய் பிரியாணி போட்டான். எதிரில் உட்கார்ந்து, தன் தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். எனக்கு ஒரு துண்டும் தள்ளவில்லை. அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பசியோடு எழுந்ததில்லை.

இரண்டு ஆண்டு கழித்துப் போய்விட்டான். பட்டம் வாங்கித்தான் போனான். என்னைவிட மதிப்பெண் அதிகம்.

என் ஆவி

ஓய்வுபெற்ற பிறகு, ஆய்வக முறைகள் பற்றிப் பேச அந்தக் கல்லூரி என்னை அழைத்தது. ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஆட்டுக்குட்டி இருந்தது. பேச்சு முடிந்ததும் விலங்கியல் துறையின் இளம் ஆசிரியை பழைய ஸ்லைடு பெட்டியைக் காட்டினார்.

"இது எங்க பொக்கிஷம் சார். இங்க படிச்ச ஸ்டூடண்டோட ரத்தம். ரோல் நம்பர் பதினொண்ணு. அந்த வருஷமே எறந்துட்டாராம்."

"அப்படியா?"

"பசங்க வேற கத கட்டி விட்டிருக்காங்க. லேபுல தனியா இருந்தா பதினொண்ணு வந்து பக்கத்துல உக்காருமாம், கண்ணாடியைத் திருப்பிவிடுமாம். அந்த நம்பரை வாங்க மாட்டேன்னு அழுவாங்க சார். அதனால நாங்களும் குடுக்கறதில்ல. பத்துக்கு அப்புறம் பன்னெண்டுதான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் ஆவியைப் பற்றி என்னிடமே சொல்கிறார் என்பதைத் தவிர அதில் தவறு ஒன்றும் இல்லை. சார் ஸ்லைடுப் பதிவேட்டில் திருத்தி எழுதியிருப்பார் என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். பதிவேட்டைக் கேட்டேன். கரையான் அரித்து எப்போதோ போய்விட்டதாம். கண்ணாடியில் கீறியது மட்டும் அப்படியே இருந்தது. என் கையெழுத்தில், 11.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு முழுக்க வெளுத்துவிட்டது. நீலம் நின்றது. நிற்க இடமில்லாத கூட்டம். அன்று நான் எண்ணாமல் விட்ட நூறை இப்போது எண்ணினேன். ஆசிரியை பொறுமையாக நின்றார்.

பிறகு வைர முனை கேட்டு வாங்கினேன். பழைய ஸ்லைடில் எதையும் மாற்றக் கூடாது என்பது விதி. இதையே பேச்சில் அரைமணி நேரம் வலியுறுத்தியிருந்தேன். 11-இன் மேல் ஒரு கோடு கீறி, பக்கத்தில் 12 என்று கீறினேன். அருகில் சுருக்கொப்பம்.

புது ஸ்லைடு ஒன்று கேட்டேன். முதலில் எண்ணைக் கீறினேன், 11. ஸ்பிரிட் பஞ்சு கேட்டேன், ஊசி கேட்டேன்.

"யாருக்கு சார்?" என்றார் ஆசிரியை.

முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் விரல்களைக் குத்தியிருப்பேனோ தெரியாது. ஒவ்வொரு விரலுக்கும், எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். சாகுல் சொன்னதைத்தான் சொன்னேன். நான் சோதித்துப் பார்த்ததில்லை.

இடது மோதிர விரல் பின்னால் போகப் பார்த்தது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக் குத்தினேன்.

வலித்தது. எறும்பெல்லாம் இல்லை. முழங்கை வரை சுரீரென்று ஏறிற்று. அவன் ஒவ்வொரு முறையும் இரண்டு முறை குத்திக்கொண்டு, முகம் மாறாமல் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான்.

முதல் துளியைத் துடைத்துவிட்டேன். இரண்டாவதற்குக் காத்திருந்தேன்.